அடுக்குப் பிரவுனி: கொக்கோவும் நிலக்கடலையும் கொண்டு வீட்டிலேயே செய்யும் முறை

தீபாவளி நெருங்கும் நாள்களில் நம் தோட்டத்து வரிசை வீடுகளில் முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் மணக்கத் தொடங்கும். அண்மைக் காலமாக அவற்றோடு வேறொரு பண்டத்தின் பெயரும் பிள்ளைகளின் வாயில் அடிபடுகிறது. பட்டணத்து ரொட்டிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கரும்பழுப்பு நிறத்தில் சதுரம் சதுரமாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும் 'பிரவுனி' என்னும் இனிப்பே அது. அவற்றுள்ளும் நடுவில் நிலக்கடலை வெண்ணெய் அடுக்கு வைத்த வகைக்குப் பிள்ளைகளிடம் தனி மதிப்பு உண்டு. ஒரு துண்டின் விலையைக் கேட்டால் பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்து அடுத்த கடைக்கு இழுத்துச் செல்ல வேண்டியதாகிறது.

இப்பண்டத்தை அண்மையில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் இல்லத்தரசிகளுக்குச் செய்து காட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. செய்முறை எளிதே. ஒரு மணி நேரத்தில் முடித்து விடலாம் என்று எண்ணிச் சென்றேன். பாதி நாள் ஆயிற்று. அங்கிருந்தோர் எழுப்பிய வினாக்களும், அவர்கள் கொண்டுவந்திருந்த பொருள்களும் பாத்திரங்களும் நான் எதிர்பாராத சில செய்திகளைப் பேச வைத்தன. சமையல் நூல்களில் அவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆதலின் அவற்றையும் சேர்த்தே இங்குக் கூறுகிறேன்.

பிரவுனி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய பண்டம். 1893-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு வரும் பெண்கள் கையில் எடுத்துச் சென்று உண்ணத்தக்க சிறிய கேக் வேண்டும் என்று கேட்கப்பட்டதாகவும், அந்நகரின் பால்மர் ஹவுஸ் விடுதிச் சமையற்காரர்கள் அதனைச் செய்து அளித்ததாகவும் கூறுவர். பாஸ்டன் சமையற் பள்ளியைச் சார்ந்த ஃபேனி ஃபார்மர் அம்மையார் 1906-இல் வெளியிட்ட தம் நூலின் பதிப்பில் சாக்லெட் சேர்த்த பிரவுனியின் செய்முறை அச்சேறியது. பழுப்பு நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயராயிற்று.

பண்டம் அயல்நாட்டினதாயினும் அதற்குரிய பொருள்கள் நமக்குப் புதியவை அல்ல. கொக்கோ மரம் அமேசான் ஆற்றுப் படுகைக்கு உரியது. நிலக்கடலையும் தென் அமெரிக்காவில் தோன்றியதே. நாம் நாள்தோறும் வெட்டும் பால் மரமும் அந்த அமேசான் காட்டிலிருந்து வந்ததுதான். ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்ற விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தடைந்தன. ஆக, ஒரே கண்டத்திலிருந்து புறப்பட்ட மூன்று செடிகொடிகள் நம் தோட்டத்து வீடுகளில் மீண்டும் சந்திக்கின்றன எனலாம்.

கொக்கோவைப் பற்றி நம் மூத்த தொழிலாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1970-களிலும் 1980-களிலும் பேராக், சிலாங்கூர் கடலோரத் தோட்டங்களில் தென்னைக்கு ஊடே கொக்கோ பயிரிடப்பட்டது. காயை உடைத்து, வெண்சதை மூடிய கொட்டைகளைப் பெட்டியில் இட்டுப் புளிக்க வைத்து, பின்னர் உலர்த்திய கைகள் பல இன்னும் நம்மிடையே உள்ளன. 1990-ஆம் ஆண்டளவில் நாட்டின் கொக்கோ விளைச்சல் உச்சத்தை எட்டியது. அதன்பின் விலை வீழ்ச்சியும், 1980-இல் சபாவில் காணப்பட்டுப் பின்னர் தீபகற்பத்திற்கும் பரவிய காய்த் துளைப்பான் பூச்சியும், செம்பனையின் ஈர்ப்பும் சேர்ந்து அப்பயிரைப் பெரிதும் குறைத்துவிட்டன. மண்டபத்தில் ஒரு மூதாட்டி, “இத்தனை வருசம் உடைச்சோம் டீச்சர், ஒரு நாளும் இதை வாயில் வச்சுப் பார்த்ததில்லை” என்று கொக்கோத் தூளைத் தொட்டு நாவில் வைத்தார். உடனே முகத்தைச் சுளித்தார். தூய கொக்கோத் தூள் கசக்கும். அதில் சீனி இல்லை. புளிக்க வைத்து உலர்த்திய கொட்டையை வறுத்து அரைத்து, அதிலுள்ள கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கைத் தூளாக்கினால் கிடைப்பது அது. இவ்வாறு பிழியும் பொறியை ஹாலந்து நாட்டு வான் ஹௌட்டன் குடும்பத்தினர் 1828-இல் பதிவு செய்தனர்.

இங்கு ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. கடையில் கொக்கோத் தூள் இல்லையென்றால் வீட்டிலுள்ள மைலோவைப் போட்டால் என்ன என்று பலர் கேட்கின்றனர். மைலோ முதலிய பானத் தூள்களில் மால்ட்டும் பாலும் சீனியும் கலந்திருக்கும்; கொக்கோ குறைவாகவே இருக்கும். அவற்றைச் சேர்த்தால் மாவு இனிப்பில் மூழ்கி, நிறமும் மணமும் இன்றிப் பிசுபிசுப்பாகும். ஆதலின் சீனி சேராத கொக்கோத் தூள் என்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

அடுத்தது நிலக்கடலை. கடையில் புட்டியில் விற்கும் நிலக்கடலை வெண்ணெயை வாங்கலாம். எனினும் அதனை வீட்டிலேயே செய்துகொள்வது எளிது; செலவும் குறையும். அதற்கு முன்னர் கடலையைப் பொறுக்கி எடுப்பது பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது.

மண்டபத்திற்கு ஒரு சகோதரி இரண்டு கிலோ கடலை கொண்டுவந்திருந்தார். மலிவாகக் கிடைத்ததாம். பையைத் திறந்தவுடன் புழுங்கிய நெடி அடித்தது. பருப்புகளில் சில சுருங்கியும் சில கருத்தும், சிலவற்றின் மேல் பச்சை கலந்த மஞ்சள் பூசணம் படிந்தும் இருந்தன. நான் அனைத்தையும் ஒதுக்கிவிடச் சொன்னேன். அம்மூதாட்டிக்கு இது பொறுக்கவில்லை. “கெட்டதை மட்டும் பொறுக்கிப் போட்டுட்டு மிச்சத்தை நல்லா வறுத்தாப் போச்சு டீச்சர். நாங்க அப்படித்தான் தின்னு வளர்ந்தோம். காசு கொடுத்து வாங்கினதை யாராவது கொட்டுவாங்களா?” என்றார். அவர் வினாவில் நியாயம் உண்டு. ஒரு நாள் கூலியிலிருந்து வாங்கிய பொருளைக் குப்பையில் எறியுமாறு கூறுவது எளிதன்று. ஆயினும், “பாட்டி, இது கொட்ட வேண்டிய பொருள்தான்” என்றே சொன்னேன்.

காரணம் இதுதான். கடலையின் மேல் வளரும் பூசணங்களில் ஒரு வகை 'அஃப்ளாடாக்சின்' என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் 1 லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென மடிந்தன. அவற்றின் தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்நஞ்சு உலகுக்குத் தெரிய வந்தது. இது கல்லீரலைத் தாக்கும். நெடுநாள் சிறிது சிறிதாக உட்கொண்டால் கல்லீரற் புற்றுநோய்க்கு வழி செய்யும். நம் நாட்டிலேயே 1988-இல் பேராக் மாநிலத்தில் ஒரு வகை நூடல்ஸ் உண்ட குழந்தைகளில் 13 பேர் உயிரிழந்தனர். ஆய்வில் அவர்களின் உடலில் அஃப்ளாடாக்சின் காணப்பட்டது. ஆக இது எங்கோ நடக்கும் கதையன்று.

வீட்டு அடுப்பில் வறுப்பதால் இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. பூசணத்தைத் துடைத்தாலும், அது சுரந்த நஞ்சு பருப்பினுள் தங்கியிருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் பக்கத்துப் பருப்பிலும் இருக்கக்கூடும். அரைத்து வெண்ணெயாக்கிவிட்டாலோ எது நல்லது, எது கெட்டது என்று பிரித்தறியவே இயலாது. ஓரிரண்டு பருப்பு மட்டும் சுருங்கியிருந்தால் அவற்றை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். பூசணம் படிந்தவை பல இருந்தாலோ, பை முழுவதும் புழுங்கிய நெடி வீசினாலோ பையையே ஒதுக்குதல் வேண்டும். கோழிக்கும் போடக் கூடாது. விற்பனை விரைவாக நடக்கும் கடையில், அவ்வப்போது தேவையான அளவு மட்டும் வாங்கி, ஈரம் புகாத மூடியுள்ள டின்னில் வைத்துக்கொள்வதே நம் நாட்டு ஈரக் காற்றுக்கு ஏற்ற வழி.

மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரங்கழித்துத் தம் பேரனை அனுப்பித் தம் வீட்டுக் கடலை டின்னைக் கொண்டுவரச் செய்து, வெளிச்சத்தில் கொட்டிப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. அன்றைய பாடத்திற்கு அந்தக் கடலையே உதவிற்று.

தோல் நீக்காத பருப்பு 250 கிராம் எடுத்து, எண்ணெயில்லாத இரும்புச் சட்டியில் சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம் வரை இடைவிடாது கிளறி வறுக்க வேண்டும். தோல் வெடித்து, உள்ளே இளம்பொன் நிறம் தெரிந்தால் இறக்கிவிடலாம். கருகினால் கசக்கும். சற்று ஆறியதும் துணியில் இட்டுத் தேய்த்து முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். பருப்பு இளஞ்சூடாக இருக்கும்போதே மின்னரைப்பானில் இட வேண்டும். முதலில் அது பொடியாகும். பிறகு உருண்டு பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலோர் இந்நிலையில் மனந்தளர்ந்து தண்ணீர் ஊற்றிவிடுகின்றனர். அது கூடாது. நிலக்கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். வழித்துவிட்டு மேலும் அரைத்தால் அந்த எண்ணெய் கசிந்து, பருப்பு தானாகவே குழம்பு போல் இளகும். தண்ணீர் சேர்ந்தால் கட்டியாகும். விரைவில் கெட்டும் போகும். அரைப்பான் சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம். அம்மியிலும் அரைக்கலாம், ஆனால் அம்மி நன்கு உலர்ந்திருக்க வேண்டும். மிளகாய் வாடை எத்தனை முறை கழுவினாலும் போகாது என்பதை அன்று ஒரு சகோதரி சிரிப்புக்கிடையே மெய்ப்பித்தார்.

இவ்வாறு கிடைத்த கடலை வெண்ணெயில் 200 கிராம் அளந்து, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், பொடித்த சீனி 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் நடு அடுக்கு ஆயத்தமாகிவிடும். புட்டியில் வாங்கியதாயின் அதில் முன்னரே சீனி இருக்கும். ஆகவே 30 கிராம் சீனி போதும். எண்ணெய்த் தாள்கள் இரண்டிற்கு இடையில் அதனை வைத்து, நாம் பயன்படுத்தும் தட்டின் அளவுக்குச் சப்பாத்திக் குழவியால் தேய்த்து எடுத்து வைக்கவும். குளிர்ப்பெட்டி இருப்பின் கால் மணி நேரம் உள்ளே வைத்தால் தூக்கி வைக்க எளிதாகும்.

தட்டைப் பற்றி ஒரு சொல். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். ஒருவர் பளபளவென்று தேய்த்த அலுமினியத் தட்டு ஒன்றை நீட்டினார். அளவு ஏறத்தாழப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அது ரப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைத்த பழைய தட்டு. “திராவக வாடை போகிற வரைக்கும் சாம்பல் போட்டுத் தேய்ச்சிட்டேன் டீச்சர்” என்றார். பாலை உறைய வைக்க நாம் பயன்படுத்தும் ஃபார்மிக் அமிலம் தோலையே புண்ணாக்கும் தன்மையது. அமிலம் ஆண்டுக் கணக்கில் அரித்த அலுமினியத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். அவற்றில் தங்கிய ரப்பரையும் அழுக்கையும் சாம்பலால் நீக்க இயலாது. பால் மங்கு, காண்டா வாளி, அம்மோனியா வந்த டின், பூச்சி மருந்துக் கலன் ஆகிய எதனையும் எத்துணைக் கழுவினாலும் சமையலறைக்குள் கொண்டுவருதல் ஆகாது. இட்டிலித் தட்டோ, சோறு வடிக்கும் தட்டமோ, பிஸ்கட் வந்த டின்னின் மூடியோ எதுவாயினும் போதுமானது. வடிவம் வட்டமாக இருந்தால் பிரவுனி கோபித்துக்கொள்ளாது.

இனி மாவு. வெண்ணெய் அல்லது மாஜரின் 150 கிராம், சீனி 220 கிராம், கொக்கோத் தூள் 60 கிராம், முட்டை 3, கோதுமை மாவு 90 கிராம், உப்பு கால் தேக்கரண்டி. தராசு இல்லாதவர்கள் 250 மில்லிலிட்டர் கொள்ளும் குவளையால் அளக்கலாம்: சீனி ஒரு குவளைக்குச் சற்று மேல், மாவு முக்கால் குவளைக்குச் சற்றுக் குறைவு, கொக்கோ அரைக் குவளைக்குச் சற்று மேல். அப்பச் சோடாவோ பேக்கிங் பவுடரோ இதற்கு வேண்டியதில்லை. இது கேக் போல் உப்ப வேண்டிய பண்டமன்று. அடர்ந்து, வாயில் கரைய வேண்டிய பண்டம்.

வெண்ணெயையும் சீனியையும் கொக்கோவையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கிக் கலக்க வேண்டும். நேர்த் தீயில் வைத்தால் கொக்கோ அடிப்பிடிக்கும். கீழே இறக்கி, விரல் தாங்கும் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருக்கவும். அவசரப்பட்டு முட்டையை உடைத்து ஊற்றினால் அது அங்கேயே வெந்து திரிதிரியாகிவிடும். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நன்கு அடிக்க வேண்டும். இந்த அடியில்தான் சீனி கரைகிறது. அவ்வாறு கரைந்த சீனியே பிரவுனியின் மேல் மெல்லிய காகிதம் போன்ற பளபளப்பான பொருக்காகப் படிகிறது. மாவைச் சலித்துச் சேர்த்தபின் நிலைமை நேர்மாறானது: மாவு கண்ணுக்கு மறைந்தவுடன் கிளறுவதை நிறுத்திவிட வேண்டும். மேலும் மேலும் கிளறினால் மாவிலுள்ள பசைத்தன்மை வலுத்துப் பண்டம் ரொட்டி போல் இழுபடும்.

தட்டில் வெண்ணெய் தடவி எண்ணெய்த் தாள் விரித்து, கலவையில் பாதியை ஊற்றிப் பரப்பவும். மின்னடுப்பு உள்ளவர்கள் 175 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 10 நிமிடம் வைத்து எடுக்கலாம். மேற்பகுதி சற்றே இறுகியிருக்கும். அதன்மேல் கடலை அடுக்கை மெதுவாக இறக்கி, மீதிக் கலவையை ஊற்றி, ஓரங்கள் மறையுமாறு பரப்பி, மீண்டும் 25 நிமிடம் அளவில் வைக்கவும். கீழடுக்கை முதலில் அரை வேக்காடு ஆக்காமல் எல்லாவற்றையும் ஒருசேர அடுக்கினால் கடலை அடுக்கு தன் கனத்தால் அடியில் அமிழ்ந்துவிடும்.

மின்னடுப்பு இல்லாதோர் கவலைப்பட வேண்டியதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது என் தாயார் மணல் பரப்பிய பானையில் கேக் சுட்டதைப் பார்த்திருக்கிறேன். அதே முறை இதற்கும் பொருந்தும். அடி கனத்த பெரிய பானையில் இரண்டு விரற்கட்டை உயரத்திற்கு உலர்ந்த சுத்தமான மணலோ கல் உப்போ இட்டு, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடி, கால் மணி நேரம் சூடேற்றவும். பிறகு தட்டை வளையத்தின் மேல் வைத்து மூடி, சிறு தீயில் கீழடுக்குக்கு 15 நிமிடமும், மூன்று அடுக்கும் சேர்ந்தபின் 35 முதல் 40 நிமிடமும் விடலாம். தட்டு மணலைத் தொடக் கூடாது. விறகோ கரியோ பயன்படுத்துவோர் காற்றோட்டமுள்ள வெளிப்புறத்தில் செய்ய வேண்டும். ஆவியில் வேக வைப்பதும் இயலும். மூடியில் துணி கட்டினால் நீர்த்துளி விழாது. ஆனால் மேற்பொருக்கு வராது. மலாய் அன்பர்கள் செய்யும் ஆவிக் கேக்கைப் போல் மென்மையாக இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

வெந்ததை அறிவது எப்படி? கேக் செய்வோர் ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, அது சுத்தமாக வந்தால் இறக்குவர். நானும் முதன்முறை அவ்வாறே செய்தேன். மறுநாள் அதனைக் கத்தியால் வெட்ட இயலாமல் போயிற்று. என் கணவர் அரிவாள் வேண்டுமா என்று கேட்டார். பிரவுனியைப் பொறுத்தமட்டில், குச்சியில் ஈரமான துகள்கள் சில ஒட்டி வர வேண்டும். நீர்த்த மாவாக வழியக் கூடாது. அந்நிலையில் எடுத்துவிட்டால் எஞ்சிய சூட்டிலேயே உள்ளே இறுகும். முற்றும் ஆறிய பின்னரே வெட்ட வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஆகும். பிள்ளைகள் அதுவரை அடுப்படியைச் சுற்றி வருவார்கள். சூட்டில் வெட்டினால் மூன்று அடுக்கும் ஒன்றாகக் குழைந்துவிடும்.

இந்த அளவில் 16 துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டில் ஏறத்தாழ 17 கிராம், அதாவது 4 தேக்கரண்டிச் சீனி உள்ளது. 2019-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியர்களிடையே அது மிகுதி. ஆகவே நீரிழிவு உள்ளவர் வீட்டில் இதனைத் தட்டோடு மேசை மேல் வைத்துவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. சீனியைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். மிகக் குறைத்தால் மேற்பொருக்கும் மென்மையும் போய்விடும். துண்டைச் சிறிதாக்குவதே மேல்.

அண்டை வீட்டாருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்கு முன் மற்றொன்றைக் கேட்டறிதல் வேண்டும். சிலருக்கு நிலக்கடலை ஒவ்வாது. உண்ட சில நிமிடங்களிலேயே உடல் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறலாம். அவ்வாறு நேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக் காலங்கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெளியே பார்த்தால் வெறும் சாக்லெட் பண்டமாகவே தோன்றும். கடலை உள்ளே மறைந்திருக்கும். ஆதலால் விற்பனைக்குச் செய்வோர் 'நிலக்கடலை சேர்ந்தது' என்று பொட்டலத்தின் மேல் தெளிவாக எழுதி ஒட்டுவது கடமை. அன்று வந்திருந்தவர்களில் மூவர் தீபாவளிக்கு விற்பதற்காகவே கற்றுக்கொள்ள வந்திருந்தனர். அவர்களுக்கு வேண்டியது விலைக் கணக்கு. பொருள்களின் விலையோடு எரிவாயு, எண்ணெய்த் தாள், பொட்டலம் ஆகியவற்றையும் எழுதி, அதன்பின் தம் உழைப்புக்கு ஒரு தொகையைச் சேர்த்து, மொத்தத்தை 16-ஆல் வகுக்கச் சொன்னேன். தம் உழைப்பின் மதிப்பை எழுதும் இடத்தில் மூவருமே தயங்கினர். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்று வற்புறுத்தி எழுதச் செய்தேன்.

வெட்டிய துண்டுகளைக் காற்றுப் புகாத டின்னில், இடையிடையே தாள் வைத்து அடுக்கினால் 3 நாள் கெடாது. குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். எறும்பு வரும் வீடுகளில் டின்னைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைக்கவும். மூதாட்டி தம் பங்குத் துண்டை உண்ணாமல், வாழையிலைத் துணுக்கில் மடித்துப் பேரனுக்காக எடுத்துச் சென்றார். மிஞ்சிய கடலை வெண்ணெயையும் ஒரு சிறு புட்டியில் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் பால் வெட்டுக்குப் போகும் மகனுக்கு ரொட்டியில் தடவிக் கொடுப்பதற்காம்.